ஒரு வட்டம், ஒரு கோடு

சரக்குக் கப்பலோட பக்கவாட்டுல ஒரு வட்டமும், அதைக் குறுக்கே வெட்டுற கோடும் பெயிண்ட் பண்ணியிருக்கும், பார்த்திருக்கீங்களா? அதுதான் பிலிம்சால் கோடு. கடல்ல அந்தக் கோடு தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னா லோடு அதிகம்னு அர்த்தம்.

சாமுவேல் பிலிம்சால் 1824-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். இன்ஜினியரும் இல்லை, மாலுமியும் இல்லை, நிலக்கரி வியாபாரி. லண்டனில் தொழில் நொடிச்சுப் போய், ஏழைகளோட மலிவான விடுதியில் தங்கினார். அவங்க கஷ்டம் அங்கதான் அவருக்குப் புரிஞ்சது.

1868-ல் டெர்பி தொகுதி எம்.பி. ஆனார். அப்போ சில முதலாளிகள் ஓட்டைக் கப்பல்ல அளவுக்கு மீறி சரக்கு ஏத்தி, இன்சூரன்ஸும் போட்டு அனுப்புவாங்க. மூழ்கினா அவங்களுக்கு நஷ்டமில்லை. போறது மாலுமிகளோட உயிர். வேலைக்கு ஒத்துக்கிட்டு அப்புறம் ஏற மறுத்தா ஜெயில்!

1873-ல் இதைப் பத்திப் புத்தகம் எழுதினார். அவதூறு வழக்குகள் வந்துச்சு. 1875-ல் அரசு மசோதாவைத் தள்ளிப்போட்டதும் சபையிலேயே கொதிச்சு எழுந்தார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனா மக்கள் அவர் பக்கம்.

1876-ல் கோடு கட்டாயமாச்சு. ஆனா அதை எந்த உயரத்துல போடணும்னு முதலாளியே முடிவு பண்ணலாம்! 1890 சட்டம்தான் அந்த ஓட்டையை அடைச்சது. 1898-ல் பிலிம்சால் இறந்தார்.

மிதப்பு விதி ஆர்க்கிமிடீஸ் காலத்துலயே தெரியும். அதை ஒரு கோடா வரைய வைக்கத்தான் இத்தனை வருஷ சண்டை.