உதவித்தொகையைக் கேட்டுப் பெற்ற டாக்டர் டு பாய்ஸ்

வெளியிலிருந்து வரும் அறிஞருக்கு ஓராண்டோ ஈராண்டோ ஊதியமும் இடமும் தந்து ஆராயச் செய்வது பெரிய பல்கலைக்கழகங்களின் வழக்கம். வரலாறு, சமூகவியல் முதலிய துறைகளில் ஆராய விரும்பும் நம் இளைஞர்கள், அத்தகைய வாய்ப்பை அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்கள் எவ்வாறு பெற்றார் என்பதை அறிதல் நலம் என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த மூன்றாம் ஆண்டில், 1868 பிப்ரவரி 23ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஏழைத் தாயின் வளர்ப்பு. ஃபிஸ்க் கல்லூரியில் பயின்று, பின் ஹார்வர்டில் சேர்ந்து 1890இல் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டில்தான் ஒரு செய்தி அவர் கண்ணில் பட்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் கல்விக்கென ஜான் சிலேட்டர் என்னும் செல்வர் 1882இல் பத்து இலட்சம் டாலர் வழங்கி நிறுவிய நிதியம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ். தகுதியுள்ள கறுப்பின இளைஞன் கிடைத்தால் ஐரோப்பாவுக்கு அனுப்பத் தயார், ஆனால் கிடைத்தவரெல்லாம் சொற்பொழிவாளர்களே என்ற பொருள்பட அவர் பேசியிருந்தார். டு பாய்ஸ் உடனே விண்ணப்பித்தார். அத்திட்டம் கைவிடப்பட்டதாக விடை வந்தது. நம்மில் பலர் அத்துடன் அடங்கியிருப்போம். அவரோ, ஓர் இனத்தையே தகுதியற்றதென ஊரறியப் பேசிவிட்டுத் தகுதியுடையவன் வந்து நிற்கையில் கதவடைப்பது முறையாகுமோ என்று கடுமையாகவே எழுதினார். மறுபடியும் விண்ணப்பித்தார். 1892இல் 750 டாலர் கிடைத்தது. அதிலும் பாதி நன்கொடை, பாதி வட்டிக்குக் கடன்!

பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஷ்மோலர், வாக்னர் முதலிய பேராசிரியர்களிடம் பயின்று, அமெரிக்கத் தென்மாநிலங்களின் வேளாண்மைப் பொருளாதாரம் குறித்து ஆய்வுரை எழுதினார். பட்டம் பெற இன்னும் சிறிது காலமே தேவைப்பட்டது. நிதியம் உதவியை நீட்டிக்க மறுத்தது. 1894இல் வெறுங்கையுடன் தாயகம் திரும்பினார். பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பை இடையில் விட்டுத் திரும்ப நேர்ந்த அண்ணல் அம்பேத்கரை இவ்விடத்தில் நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. 1895இல் டு பாய்ஸ் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

1896இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் அவரை ஓராண்டு ஆய்வுக்கு அழைத்தது. ஊதியம் 900 டாலர். பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் வாழும் கறுப்பின மக்களை ஆராய வேண்டும், அவ்வளவே. வகுப்பெடுக்க இடமில்லை, அலுவலறை இல்லை, பல்கலைக்கழகப் பெயர்ப்பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. புதுமணம் புரிந்த மனைவியுடன் அவ்வட்டத்திலேயே ஓர் உணவுக்கூடத்தின் மாடியறையில் குடியேறி, ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று தாமே வினவினார். ஐயத்துடன் நோக்கியவர்களும் உண்டு. தம் வறுமையை அளக்க வந்தவனை எவர்தான் விரும்புவர்?

நகரின் சீர்கேட்டுக்கு அம்மக்களே காரணம் என நிறுவப்படும் என்று ஆய்வைத் தூண்டியோர் எதிர்பார்த்தனர் எனலாம். அவர் கண்டதோ வேறு. கைத்தொழில்களில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. இழிந்த வீட்டுக்கும் மிகுந்த வாடகை வாங்கப்பட்டது. அடிமை முறையின் தழும்பு ஆறவில்லை. வறுமையும் குற்றமும் இவற்றின் விளைவுகளே என்று கணக்குகளால் காட்டினார். 1899இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு அமெரிக்கச் சமூகவியலின் முதல் நூல்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகின்றது. ஆயினும் ஆய்வு முடிந்தபின் அப்பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியப் பணி தரவில்லை. 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் 1910 முதல் 1934 வரை 'கிரைசிஸ்' இதழை நடத்தினார்.

1946இல், கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட விண்ணப்பத்தின் படிகளை வேண்டி அண்ணல் அம்பேத்கர் அவருக்கு மடல் எழுதினார். டு பாய்ஸ் அன்புடன் விடையிறுத்தார்.

1958இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் கானா நாட்டு ஆக்ரா நகரில், தம் 95ஆம் வயதில், அவர் மறைந்தார். 1975இல் ஹார்வர்டு, அவர் பெயரால் வெளி அறிஞர்களை வரவேற்கும் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. பென்சில்வேனியப் பல்கலைக்கழகமோ, தன் பட்டியலில் சேர்க்காத அப்பெயருக்கு மதிப்புறு பேராசிரியர் தகுதியை 2012இல், அவர் மறைந்து ஏறத்தாழ 49 ஆண்டுகள் கழிந்தபின், அளித்தது.