ஆறு வயதில் கடல் கடந்த உமே

லீவுக்கு மாமா வீட்டுக்கோ, அத்தை வீட்டுக்கோ போய் நான்கு நாள் தங்கினாலே, ராத்திரியில் அம்மா ஞாபகம் வந்துவிடுகிறது அல்லவா? புதுத் தலையணையில் தூக்கம் வராது. சாம்பாரின் ருசிகூட வேறு மாதிரி தெரியும்.

இப்போது இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். உங்களுக்கு ஆறு வயது. கப்பல் ஏறி, பெரிய சமுத்திரத்தைத் தாண்டி, மொழி தெரியாத நாட்டுக்குப் போக வேண்டும். முன்பின் பார்த்தே இராதவர்கள் வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். நான்கு நாளல்ல, பத்து வருடம்!

ஜப்பானில் ஒரு சிறுமிக்கு இது நிஜமாகவே நடந்தது. அவள் பெயர் உமே. ஜப்பானிய மொழியில் 'உமே' என்றால் ஒரு வகை பிளம் மரம். குளிர் முடியும் முன்பே, மற்ற மரங்களுக்கு முந்திப் பூக்கும் மரம் அது. பின்னாளில் உமேகோ ட்சுடா என்று புகழ் பெற்றவர் இவர்தான்.

உமே பிறந்தது 1864 டிசம்பர் 31 அன்று. இப்போது டோக்கியோ எனப்படும் நகரம்தான் சொந்த ஊர். பல நூறு ஆண்டுகளாக வெளியுலகத்துடன் அதிகம் பழகாமல் இருந்த ஜப்பான், அப்போதுதான் தன் கதவுகளைத் திறந்திருந்தது. மேல்நாடுகளில் என்ன படிக்கிறார்கள், எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று பார்த்துவர அரசாங்கம் ஒரு பெரிய குழுவை அனுப்பியது. அதோடு ஐந்து சிறுமிகளையும் அமெரிக்காவுக்கு அனுப்பிப் பத்து வருடம் படிக்க வைக்க முடிவு செய்தது. செலவு முழுவதும் அரசாங்கத்துடையது.

ஆனால், முதலில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை! பெண் குழந்தையைக் கடல் கடந்து அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? உமேயின் அப்பா சென் ட்சுடா ஏற்கெனவே அமெரிக்கா போய் வந்தவர், ஆங்கிலம் அறிந்தவர். அவர் தன் மகளை அனுப்பச் சம்மதித்தார். ஐந்து பேரில் உமேதான் கடைக்குட்டி.

1871 டிசம்பர் 23 அன்று யோகஹாமா துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலேயே உமேவுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. 1872 ஜனவரி 15இல் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். அங்கிருந்து ரயில். வழியில் பனி மூடியதால், சால்ட் லேக் சிட்டியில் பல நாட்கள் காத்துக் கிடந்தார்கள். வாஷிங்டன் போய்ச் சேர்ந்தபோது தேதி பிப்ரவரி 29! ஜப்பானின் தூதராக அங்கே இருந்த அரிநோரி மோரி இத்தனை சின்னக் குழந்தையைப் பார்த்துத் திகைத்துப் போனாராம்.

முதலில் சில மாதங்கள், ஐந்து பேரையும் ஒரே வீட்டில் தங்க வைத்து ஆசிரியை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? ஐவரும் தங்களுக்குள் ஜப்பானிய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். ஆங்கிலம் வரவே இல்லை! மூத்தவர்கள் இருவர் உடல்நலம் சரியில்லாமல் ஊர் திரும்பினார்கள். மீதி மூவரையும் மூன்று குடும்பங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

உமே போனது வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் இருந்த லான்மன் தம்பதியின் வீட்டுக்கு. சார்லஸ் லான்மன் எழுத்தாளர், ஓவியர், நூலகராகவும் இருந்தவர். அவர் மனைவி அடலின். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

அந்த வீட்டில் உமேவுக்கு எல்லாமே புதுசு. பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து பழகியவள், நாற்காலியில் உட்கார வேண்டும். குச்சிகளால் சாப்பிட்டுப் பழகிய கை, முள்கரண்டியைப் பிடிக்க வேண்டும். கிமோனோவுக்குப் பதில் கவுன். வீட்டுக்குள்ளும் ஷூ! பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான்.

லான்மன் தம்பதி அவளை விருந்தாளியாக நடத்தவில்லை. சொந்த மகளாகவே வளர்த்தார்கள். அந்த வீட்டில் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. உமே படித்துத் தள்ளினாள். பள்ளியில் பிரெஞ்சும் லத்தீனும் கற்றாள். பியானோ வாசித்தாள். பரிசுகள் வாங்கினாள். வேறு வீடுகளில் வளர்ந்த சுதேமாட்சு, ஷிகேகோ என்ற மற்ற இரண்டு தோழிகளும் இவளும் கடைசிவரை உயிர்த் தோழிகளாக இருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கவனிக்காமலே ஒன்று நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அது அவளுடைய தாய்மொழி! பேச ஆள் இல்லாததால், ஒவ்வொரு சொல்லாக மறந்துகொண்டே வந்தாள்.

பத்து வருடம் பதினோரு வருடமாயிற்று. 1882 நவம்பரில், சுதேமாட்சுவுடன் உமே யோகஹாமாவில் வந்து இறங்கினார். அப்போது வயது ஏறக்குறைய 18. வீட்டில் அம்மா காத்திருந்தார். ஆனால் அம்மாவிடம் பேச உமேவுக்கு மொழி இல்லை! இத்தனை வருடக் கதையையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, பெற்ற தாயின் முன்னால் சொல் தெரியாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம்! அப்பாதான் நடுவில் உதவ வேண்டியிருந்தது. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போயிற்று. எப்போது குனிந்து வணங்குவது, யாரிடம் எப்படிப் பேசுவது, எதுவும் தெரியவில்லை. சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டார்.

இன்னொரு ஏமாற்றமும் காத்திருந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஆண்களுக்கு அரசாங்கத்தில் நல்ல வேலைகள் கிடைத்தன. இந்தப் பெண்களுக்கோ எந்த வேலையும் தயாராக இல்லை. அவர்களை அனுப்பி வைத்த அரசுத் துறையே அதற்குள் கலைக்கப்பட்டுவிட்டது!

உமே மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. ஆறு வயதில் செய்ததையே மறுபடி செய்தார். ஆம், ஒரு புது வீட்டுக்குப் பழகினார்! இந்த முறை அது சொந்த வீடு, அவ்வளவுதான் வித்தியாசம். ஜப்பானிய மொழியை ஆரம்பத்திலிருந்து கற்றார். மனசில் இருந்ததையெல்லாம் ஜார்ஜ்டவுனில் இருந்த அடலின் அம்மையாருக்குக் கடிதங்களாக எழுதினார். ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் 30 வருடங்களில் நூற்றுக்கணக்கான கடிதங்கள்! பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் படிக்கும் பள்ளியில் 1885இல் ஆசிரியை ஆனார்.

ஆனாலும், மேல்படிப்பு வேண்டும் என்ற ஆசை விடவில்லை. 1889இல் மறுபடியும் அமெரிக்கா போய், பிரின் மார் கல்லூரியில் உயிரியல் படித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹண்ட் மார்கனுடன் சேர்ந்து, தவளை முட்டை பற்றி ஆராய்ச்சி செய்தார். அந்தக் கட்டுரை 1894இல் வெளியானது. அங்கேயே இருந்திருந்தால் விஞ்ஞானியாகப் பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் தன் நாட்டுப் பெண்கள் படிக்க வேண்டுமே! 1892இலேயே ஊர் திரும்பிவிட்டார். அதற்கு முன், ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் படிக்க உதவித்தொகைக்காக நிதியும் திரட்டினார்.

1900ஆம் ஆண்டு டோக்கியோவில், பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மாணவிகள் எத்தனை பேர் தெரியுமா? பத்தே பேர்! தோழி சுதேமாட்சு துணைக்கு வந்தார். சுதேமாட்சு அமெரிக்காவில் தங்கியிருந்த குடும்பத்தின் மகளான ஆலிஸ் பேக்கன் என்ற பெண்மணியும் கடல் கடந்து வந்து அங்கே பாடம் நடத்தினார். தங்க இடம் கொடுத்த குடும்பத்தின் அன்பு எவ்வளவு தூரம் நீண்டது பார்த்தீர்களா?

1929 ஆகஸ்டில் உமேகோ காலமானார். அவருடைய பள்ளி இன்று ட்சுடா பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. 1984இல் அதன் பரணில் ஒரு புதையல் கிடைத்தது. என்ன புதையல்? அடலின் அம்மையாருக்கு உமே எழுதிய அந்தக் கடிதங்கள்தான்! 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 5,000 யென் நோட்டில் இருப்பதும் உமேகோவின் முகம்தான்.

குட்டி நண்பர்களே! நாளைக்கு நீங்களும் படிப்புக்காக வெளியூரோ, வெளிநாடோ போகலாம். புது இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள். தாய்மொழியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். அதுவரை? உங்கள் வகுப்பில் வேற்றூரிலிருந்து, உங்கள் மொழி தெரியாத ஒரு புது மாணவனோ மாணவியோ வந்து சேர்ந்தால், பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனில் அந்த அம்மையார் செய்ததும் அதைத்தானே!