கோவூர் ஆசிரியர்

பேய், செய்வினை, நாவூறு என்னும் சொற்கள் நெடுங்கேணிப் பக்கத்து இல்லங்களில் இன்றும் வழங்குவன. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு நூல் கட்டுவதும், மருண்ட பெண்ணுக்குக் கழிப்புக் கழிப்பதும் நம் மாணாக்கர் கண்டறியாதன அல்ல. இவை மெய்யோ பொய்யோ என்னும் வழக்கை வெறும் வாதமாக விடாது, சோதனைக்குரிய வினாவாக மாற்ற முயன்ற ஆசிரியர் ஒருவர் இலங்கையில் வாழ்ந்தார். டாக்டர் கோவூர் எனப் பலரும் அறிந்த ஆபிரகாம் கோவூரே அவர். சைவச் சூழலில் வளர்ந்த கல்லூரியின் மலரில் நாத்திகர் ஒருவரின் சரிதம் எதற்கு என வினவுவாரும் உளராகலாம். அவர் கொண்ட முடிபு வேறு; அம்முடிபை நாடிச் சென்ற முறை வேறு. பின்னது எவர்க்கும் பொதுவானது.

கேரளத்துத் திருவல்லாவில் 1898ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா திருச்சபையில் உயர்நிலை வகித்த குருவானவர். கோவூர் உயர்கல்வி கற்றது கல்கத்தாவில், வங்கவாசிக் கல்லூரியில். உளநூல் தனித்துறையாக இந்தியாவில் முதன்முதல் வேரூன்றியதும் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திலேதான். எனினும் கோவூர் பயின்றது தாவரவியல்.

அவர் தாமே பின்னாளிற் கூறிய நிகழ்ச்சி ஒன்று இக்காலத்தது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவருமாறு அயலார் சிலர் வேண்டியிருந்தனர். அவரோ வழியில் ஒரு புகையிரத நிலையத்துக் குழாய் நீரையே நிரப்பிச் சென்று கொடுத்தார். சில காலத்தின்பின், அந்நீரால் நோய் தீர்ந்ததென அவர்கள் மகிழ்ந்துரைத்தார்களாம். நம்பினோரை ஏய்த்த செயல் நன்றன்று என்பது என் கருத்து. ஆயினும் அது எழுப்பும் வினா பெரிது. நோய் தீர்ந்தது நம்பிக்கையாலா, அன்றி எந்நீரும் பருகாதிருந்தாலும் தானே தீர்ந்திருக்குமா? பருகியோரை மாத்திரம் பார்த்து இதனை அறிதல் இயலாது. பருகாதோரையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். இன்றைய உளநூலாரும் மருத்துவரும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒப்புநோக்குக் குழு ஒன்றை அமைப்பது இக்காரணம் பற்றியே.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதிபர் காஷ் பாதிரியாரின் அழைப்பின்பேரில் 1928இல் இலங்கைக்கு வந்தார். தாவரவியலோடு கிறித்தவ வேதபாடமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் வேதம் கற்றோர் அனைவரும் பரீட்சையிற் சித்தியெய்தினர். எனினும் மறுவருடம் அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பிள்ளைகள் சித்தியெய்தியபோதிலும் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பது அதிபர் சொன்ன காரணமாம். 1943இல் யாழ்ப்பாணம் நீங்கிக் காலி றிச்மண்ட் கல்லூரியிலும், பின்னர் கல்கிசை புனித தோமையர் கல்லூரியிலும் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் விஞ்ஞானப் பகுதித் தலைவராயிருந்து 1959இல் இளைப்பாறினார்.

அவர் புகழ் பரவியது அதன் பின்னரே. 1960 முதல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். பேய் உறைவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இரவு தங்கினார். இராகுகாலத்திற் பயணம் தொடங்கினார். 1963இல், வஞ்சனைக்கு இடமில்லாத நிலைமைகளில் தெய்வீக சக்தியைக் காட்டுவோர்க்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். முன்வருவோர் 1,000 ரூபா காப்புப்பணம் கட்டவேண்டும். உறையிட்டு முத்திரை வைத்த நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்தல், தணலின்மேல் அரை நிமிடம் கொப்புளமின்றி நிற்றல் முதலாயின அவர் குறித்த செயல்கள். தணலில் நடத்தல் என்னாது நிற்றல் என்றது கவனிக்கத்தக்கது. கரி வெப்பத்தை மெல்லவே கடத்தும். விரைந்து நடப்பவர் பாதம் கணப்பொழுதே தணலிற் படும். ஆகவே நடந்து காட்டுவது எதனையும் தீர்மானியாது.

சோதிடர்க்கு அவர் வகுத்த சோதனையே எனக்கு மிகவும் பிடித்தமானது. பிறந்த நிமிடமும் இடமும் பிழையறக் குறித்த 10 சாதகங்களைப் பார்த்து, உரியவர் ஆணோ பெண்ணோ, உயிருடன் உள்ளாரோ இறந்தாரோ எனச் சொல்லவேண்டும். நூற்றுக்கு 5 பிழை பொறுக்கப்படும். கணித மாணாக்கர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 சாதகத்துக்கு விடைகள் 20. பொறுக்கப்படும் பிழை ஒன்று. ஒன்றும் அறியாதவன் நாணயத்தைச் சுண்டி விடை சொன்னால், ஏறக்குறைய 50,000 முறைக்கு ஒரு முறையே வெல்வான். எது நிகழ்ந்தால் தாம் தோற்றதாகும் என்பதையும் முற்கூட்டியே கூறிய பந்தயம் இது. அவர் இறக்கும்வரை எவரும் அப்பணத்தை வென்றாரில்லை.

பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டோரை மனோவசிய முறையால் அவர் குணப்படுத்தியதாகவும் பல வரலாறுகள் உண்டு. அவற்றுள் ஒன்று 1972இல் மலையாளத்திலும் 1973இல் ‘மறுபிறவி’ என்னும் பெயரில் தமிழிலும் திரைப்படமாயிற்று. இவ்விடத்தில் அவர் கோலாலேயே அவரை அளத்தல் முறையாகும். அவை சிகிச்சை செய்தவர் தாமே எழுதிய வரலாறுகள். ஒப்புநோக்குக் குழு அங்கு இல்லை. கங்கை நீர் என நம்பிக் குழாய்நீர் பருகினவர் தேறியதுபோல, கோவூர் மீதிருந்த நம்பிக்கையாலும் நோயாளர் தேறியிருக்கலாம் அன்றோ? பூசாரியிடம் கேட்கும் சான்றை விஞ்ஞானியிடம் கேளாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. தெய்வீக சக்தி உரிமை பாராட்டுவோர் அனைவரும் வஞ்சகர் அல்லது சித்தங் கலங்கியோர் என அவர் முடித்ததும் மிகையே. வஞ்சனையும் இன்றி, நோயும் இன்றி, நல்ல மனமே தன்னைத் தான் ஏமாற்றிக்கொள்ளும். பலித்த கனவை நினைவில் வைத்துப் பலியாத நூற்றை மறப்பது அதன் இயல்பு. எனினும், மருண்டவளை வேப்பிலையால் அடியாது அவள் துயரத்தைக் கேட்டறிய வேண்டும் என நம் நாட்டில் வலியுறுத்தினவர்களுள் அவர் முன்னிற்பவர் என்பதை மறுத்தல் கூடாது.

1978 செப்ரெம்பர் 18ஆம் நாள் கோவூர் காலமானார். சமயக்கிரியை எதுவும் வேண்டாமென விட்டிருந்தார். அவர் விருப்பப்படி கண்கள் கண்வங்கிக்கும், உடல் கொழும்பு மருத்துவ பீடத்துக்கும் கொடுக்கப்பட்டன. எலும்புக்கூடு, மாணாக்கர் பார்த்துப் பயிலும்பொருட்டு, அவர் கடைசியாகக் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞானகூடத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார்.