மொறிஸ் மைனர் தந்த மேதை

மொறிஸ் மைனரை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். அதனை வகுத்த சேர் அலெக் இசிகோனிஸ் அவர்களை அறிந்தோர் சிலரே.

1906 ஆம் ஆண்டில் சிமிர்னா நகரிற் பிறந்த அவர், தந்தையாரின் பொறித் தொழிற்சாலையைக் கண்டு வளர்ந்தார். 1922 இல் போர் அந்நகரை அடையவே, பிரித்தானியப் பிரசைகளான அவர்தம் குடும்பத்தினர் யாவற்றையும் விட்டுக் கப்பலேறினர். மோல்ற்றாவில் தந்தையார் காலமானார். தாயாருடன் இலண்டன் சேர்ந்த இளைஞர், பற்றசீ தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றார். கணிதத் தேர்வில் மும்முறை தவறினார். எனினும், வரைதல் அவருக்குக் கைவந்த கலையாயிற்று. 1936 இல் மொறிஸ் கம்பனியிற் சேர்ந்தார்.

மைனரின் மாதிரி வண்டி ஒடுக்கமாய்த் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாய் அறுப்பித்து, நடுவே 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே தெரியும் அகன்ற பட்டை அதன் சுவடேயாம். 1948 இல் வெளிவந்த மைனர், 10 இலட்சத்தை எட்டிய முதற் பிரித்தானியக் காராயிற்று. 1959 இல் மினியையும் தந்த அவர், 1969 இல் சேர் பட்டம் பெற்று, 1988 இல் மறைந்தார்.

எம்முட் பலர் சிறுகச் சேமித்து வாங்கிய முதற் கார் மைனரே. அதனைத் துடைத்து மெருகேற்றிப் பிள்ளைபோற் பேணினோம். பெற்றோல் அருகிய 1990களில் மண்ணெண்ணெயிலும் அது ஓடிற்று. 1995 இல் நாம் ஊர் நீங்கியபோது, முதியோரையும் மூட்டைகளையும் சுமந்தது. அகதியாய் வந்த ஒருவரின் ஆக்கம், அகதிகளான எமக்கு வழித்துணையாயிற்று. அந்நன்றியை இம்மலரிற் பதிவு செய்கின்றோம்.