முகாமில் பிறந்த இசை

செக் நாட்டின் புர்னோ நகரில் 1899-ம் ஆண்டு பிறந்தவர் பாவெல் ஹாஸ். செருப்புத் தொழிலாளியின் மகன். ஆனாலும் இசையிலேயே அவருக்கு நாட்டம். 1938-ல் அவருடைய இசை நாடகம் மேடை ஏறியது.

மறு ஆண்டு ஹிட்லரின் படை நாட்டைப் பிடித்தது. ஹாஸ் யூதர், மனைவி யூதர் அல்ல. மனைவியும் சிறு மகளும் தப்பட்டும் என்று, அவர் மனைவியை விவாகரத்து செய்தார். 1941-ல் அவரைத் தெரசின் முகாமில் அடைத்தார்கள்.

பொய்ப் படம்

முகாமிலும் ஹாஸ் இசை எழுதினார். தந்தி வாத்தியங்களுக்காக 1943-ல் ஓர் இசை அமைத்தார்.

1944-ல் நாஜிகள் ஒரு சினிமாப் படம் எடுத்தார்கள். கைதிகள் சுகமாக இருக்கிறார்கள் என்று உலகத்தை நம்பவைக்க அந்த ஏற்பாடு. அதற்காக ஹாஸின் இசையைக் கைதிகள் வாசித்தார்கள். நடத்தியவர் காரெல் ஆன்சர்ல்.

படம் எடுத்து முடிந்தது. அக்டோபரில் இருவரையும் ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். ஹாஸ் கொல்லப்பட்டார். ஆன்சர்ல் பிழைத்தார்.

தேடிக் கிடைத்தது

போர் முடிந்ததும் ஆன்சர்ல் தெரசினில் தேடினார். வாத்தியக்காரர்களின் இசைத் தாள்கள் கிடைத்தன. டபுள் பாஸ் வாத்தியத்தின் தாள் மட்டும் இல்லை. பின்னாளில் அதைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். இன்று பல நாடுகளில் அந்த இசை ஒலிக்கிறது.

பொய்க்காக எடுத்த அந்தப் படத்தின் சில பகுதிகளும் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஹாஸ் எழுந்து நின்று தலை வணங்குகிறார்.