கோட்டைக்குள் அடங்கிய கண்டி மன்னன்

டென்மார்க் நாட்டில் குரொன்போர்க் என்றொரு கோட்டை உண்டு. அதன் நிலவறையிலே ஹொல்கர் என்னும் வீரன் நூற்றாண்டுகளாக உறங்குகிறான் என்றும், நாட்டுக்குப் பேராபத்து நேரும் நாளில் அவன் விழித்தெழுந்து வாளேந்துவான் என்றும் அந்நாட்டு மக்கள் கதை சொல்வர். ஜெர்மானியரோ தம் பேரரசன் பிரெடெரிக் பார்பரோசா மலையடிக் குகையொன்றில் துயில்கிறான் என்பர். உண்மையில் அவன் சிலுவைப் போருக்குச் செல்லும் வழியில், 1190ஆம் ஆண்டில் ஆற்றில் மூழ்கி இறந்தவன். தோல்வியுற்ற மக்களின் உள்ளம் தன் தலைவன் இறந்துவிட்டான் என்பதை எளிதில் ஏற்பதில்லை. உறங்குகிறான், வருவான் என்றே அது தன்னைத் தேற்றிக்கொள்கிறது.

நமது நாட்டிலும் ஓர் அரசன் கோட்டைக்குள் அடங்கினான். அவன் பரம்பரை மீண்டு வந்தது என்று நம்பி ஆயிரமாயிரம் பேர் உயிர் கொடுத்தனர். அவனே கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன்.

இக்கதை நமது கரைக்கு அந்நியமானதன்று. 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையால் கரையோரம் கைவிட்டுப் போகும்வரை, மட்டக்களப்புத் தெற்கு முழுவதும் கண்டி மன்னரின் உரிமை நிலமாகவே கருதப்பட்டது. உப்பும் கருவாடும் ஏற்றிய தவளம் மாடுகள் இக்கரையிலிருந்து வெல்லஸ்ஸ வழியாகவே மலைநாடு ஏறின. அட்டாளைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் மேற்கே நோக்கி நிற்பவனுக்கு, வயல்வெளிக்கும் காட்டுக்கும் அப்பால் இருப்பது அந்த வெல்லஸ்ஸ நாடே.

1739 முதல் கண்டி அரியணையில் மதுரை நாயக்கர் வழியினர் அமர்ந்தனர். அவ்வழியில் 1780ஆம் ஆண்டளவில் பிறந்த கண்ணுசாமி என்னும் இளைஞனை, மகா அதிகாராயிருந்த பிலிமத்தலாவை 1798இல் அரசனாக்கினான். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் சொற்படி ஆடும் என்பது அவன் கணக்கு. கணக்குத் தவறியது. பொம்மையாயிருக்க மறுத்த மன்னன் தன்னைக் கொல்லச் சதிசெய்த பிலிமத்தலாவையைப் பின்னாளில் மரணதண்டனைக்கு உள்ளாக்கினான். 1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படையும் அழிந்தது. இன்று நாம் காணும் கண்டி வாவியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் அவன் காலத்தவை.

ஆயினும் அவனைத் தூயவனாகக் காட்டுவது வரலாற்றுக்குத் துரோகமாகும். சந்தேகம் அவன் உள்ளத்தை அரித்தது. வாவி வெட்டும் ஊழியம் மக்களை வருத்தியது. அதிகார் எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் ஓடியபோது, 1814இல் அவனுடைய குற்றமற்ற மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். அந்தக் குருதி மக்கள் மனத்தை மன்னனிடமிருந்து பிரித்துவிட்டது.

இதற்காகவே காத்திருந்தவர்கள் ஆங்கிலேயர். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படை போரின்றியே கண்டிக்குள் நுழைந்தது. 1815 பெப்ரவரி 18ஆம் நாள், தும்பறைப் பகுதியில் மறைந்திருந்த மன்னனை அவனுடைய குடிகளே பிடித்துக் கட்டி, அவமதித்து, அந்நியரிடம் ஒப்படைத்தனர். மார்ச் 2ஆம் நாள் பிரதானிகள் கண்டி உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மன்னனின் உறவினர் எவரும் இனிக் கண்டி அரசுக்கு உரிமை கோரலாகாது, அவன் இனத்து ஆண்கள் அனுமதியின்றி அந்நாட்டில் கால் வைக்கவும் ஆகாது என்றும் அதில் எழுதப்பட்டது.

1816 ஜனவரியில் மன்னன் தன் தேவியருடன் கொழும்பில் கப்பலேற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர்க் கோட்டையை அடைந்தான். திப்பு சுல்தானின் மக்களைச் சில ஆண்டுகளுக்கு முன் சிறைவைத்திருந்த அதே கோட்டை அது. அவன் தங்கிய கட்டடம் கண்டி மகால் என்ற பெயருடன் இன்றும் நிற்கிறது.

மன்னன் போய் இரண்டாண்டு கழியுமுன்னே மக்கள் தாம் இழந்தது இன்னதென்று உணர்ந்தனர். 1817இல் வெல்லஸ்ஸவில், தான் நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி எனக் கூறிக்கொண்டு ஒருவன் தோன்றினான். எந்த இனத்தைக் கால் வைக்கலாகாது என்று எழுதினார்களோ, அந்த இனத்தின் பெயரைக் கேட்டதும் மக்கள் திரண்டனர். அங்கே முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் முதலில் கொல்லப்பட்டார். அவரை அடுத்து வில்சன் என்ற ஆங்கில அதிகாரி அம்புக்கு இரையானார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையும் மக்கள் பக்கம் சேர்ந்தான். ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களைக் கொண்டு அவர்களுடனேயே போரிடுவது அறமன்று எனக் கருதி, அவற்றைத் திருப்பியனுப்பிய பிறகே அவன் போர்க்களம் புகுந்தான்.

ஆனால் வந்தவன் அரசகுமாரன் அல்லன். அவன் வில்பாவை என்னும் ஊரைச் சேர்ந்தவன். முன்னர் துறவு பூண்டிருந்தவன். 1818இல் உண்மை வெளிப்பட்டபோது கிளர்ச்சிக்காரர்களே அவனைத் தொழுவிலிட்டனர். அதற்குள் வெல்லஸ்ஸ எரிந்துகொண்டிருந்தது. ஊர்கள் கொளுத்தப்பட்டன. பயன்தரு மரங்கள் தறிக்கப்பட்டன. நெல் சாம்பலாயிற்று. அக்காலத்தில் அங்கிருந்த ஆங்கில வைத்தியர் டேவி, மாண்ட மக்கள் பத்தாயிரம் பேர் வரை இருக்கலாம் என மதிப்பிட்டார். நூறாயிரம் வயல் எனப் பொருள்படும் பெயர்கொண்ட அந்நாடு பாழ்நிலமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டான். மன்னனைக் கவிழ்க்க உதவிய எகலப்பொலவும் தப்பவில்லை. ஆங்கிலேயர் அவனையே 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்த, அங்கேயே இறந்தான்.

மெய்யான மன்னனோ வேலூர்க் கோட்டையை விட்டு வெளிவரவில்லை. பதினாறாண்டுச் சிறைவாழ்வின் பின், 1832 ஜனவரி 30ஆம் நாள் நோயுற்று இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. 1990இல் தமிழக அரசு அங்கே முத்துமண்டபம் எழுப்பியது. வேலூரில் பிறந்த அவன் ஒரே மகனும் 1843இல் மறைந்தான். சீமைக்குக் கொண்டுபோகப்பட்ட அரியணை 1934இல் நாடு திரும்பியது. கண்டிச் சிங்கக் கொடி 1948இல் சுதந்திர இலங்கையின் கொடியாக ஏறியது. அரியணையும் கொடியும் திரும்பின, அரசன் திரும்பவில்லை.

இவ்வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் கசப்பானது. அன்புடனும் துணிவுடனும் கண்டித்துத் திருத்தியிருக்கவேண்டிய தலைவனை மக்கள் பகைவரிடம் கொடுத்தனர். பின்னர் தம் கையால் செய்யவேண்டிய வேலைக்கு, வருவான் என்று சொல்லப்பட்ட ஒருவனை நம்பினர். காத்திருக்கும் கூட்டத்துக்கு முன் முதலில் வந்து நிற்பவன் பெரும்பாலும் போலியே. அத்துடன், அந்தக் கோபத்தின் முதல் அடி நாடாண்ட அந்நியன்மேல் அன்றி, அவனால் பதவி பெற்ற அயலவன் ஒருவன்மேலேயே விழுந்ததையும் நாம் மறக்கலாகாது. பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே கரையில் வாழும் நாம் இதை இருமுறை சிந்திக்கவேண்டும்.

உறங்கும் வீரன் எழுவான் எனக் கோட்டை வாயிலில் காத்திருப்பதால் ஒரு நாடு பிழைப்பதில்லை. அதன் மக்கள் விழித்திருந்தால், ஒருவரையொருவர் காத்துக்கொண்டால், அது பிழைக்கும்.