கோவை தந்த பந்தய வீரர்

அடியார்களின் சரிதத்தைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரிலிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்வோர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் சில தினங்களில் மோட்டார் யந்திரங்களின் பேரிரைச்சலைக் கேட்டிருக்கக்கூடும். தனவந்தரின் வீண் விளையாட்டு என்று அதை இகழ்வோர் உண்டு. அவர்கள் அவசியம் அறியவேண்டியது காலஞ்சென்ற ஸ்ரீ எஸ். கரிவர்தனின் சரிதம்.

இவர் 1954-இல் கோயம்புத்தூர் லக்ஷ்மி மில் குடும்பத்தில் பிறந்தார். யுத்தகாலத்து விமானத்தளமான சோழவரத்தில் சென்னை மோட்டார் பந்தயச் சங்கத்தார் நடத்திவந்த போட்டிகளில் வண்டி ஓட்டிப் பெயர் பெற்றார். அக்காலத்தில் வேகமான பந்தய வண்டி வேண்டுமாயின் அந்நிய நாட்டிலிருந்தே வரவேண்டும், சுங்கவரியோ கடுமை. எனவே செல்வரே முந்தினர். திறமையிருந்தும் பணமில்லாத வாலிபர் வேலிக்கு வெளியே நின்றனர். அந்நிய வண்டியை வாங்கும் வசதி கரிவர்தனுக்கும் இருந்தது. எனினும் அவர் கோயம்புத்தூரில் பட்டறை வைத்து, வண்டியைத் தாமே செய்யத் துணிந்தார்.

1983-இல் மாருதி 800 என்னும் சிறு கார் நம் நாட்டில் வெளிவந்தது. அதன் மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர் யந்திரத்தை எடுத்து, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒருவரே அமரும் பந்தய வண்டியாக்கினார். ‘பார்முலா மாருதி’ என்பது அதன் பெயர். உதிரிப் பாகங்கள் உள்ளூர்க் கடைகளிலேயே கிடைத்தன. யாவருக்கும் ஒரே யந்திரமாகையால் வெற்றியைப் பணப்பை தீர்மானிக்கவில்லை. கையும் கண்ணும் தீர்மானித்தன. சிறிய யந்திரத்துக்கு இழந்த வேகத்தை உடனே மீட்கும் வலுவில்லை. ஆதலால் வளைவுகளில் பிழையின்றி ஓட்டும் வித்தையை அவ்வண்டியே கற்பித்தது.

1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயச் சாலை திறக்கப்பட்டபின் அங்கும் இவ்வண்டிகள் ஓடின. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் தமது முதற் பந்தயத்தை ஓட்டியது பார்முலா மாருதியிலேதான். 2005-இல் அவர் உலகின் தலைசிறந்த பார்முலா ஒன் போட்டியில் இறங்கிய முதல் இந்தியரானார். அவ்வழியே வந்த சென்னை கருண் சந்தோக் 2010-இல் அந்நிலையை எய்தினார்.

இவற்றைக் காண ஆசிரியர் இல்லை. 1995 ஆகஸ்டில், தமது 41-ஆம் வயதில், கோயம்புத்தூருக்கருகே சிறு விமான விபத்தில் அவர் மாண்டார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயச் சாலை அவர் பெயரைத் தாங்குகிறது.

மோட்டார் பந்தயம் ஏழைக்கு எட்டியதென்று நாம் கூறவில்லை. ஆயினும், செல்வர் மட்டும் நுழையக்கூடிய வாயிலை ஒரு செல்வரே அகலமாக்கினார். அதையும் நம் ஊர்க் கடைச் சாமானைக் கொண்டு, நம் தொழிலாளரின் கையால் செய்தார். பொருள் படைத்த நம் வாலிபர், வாங்குவதில் உள்ள பெருமையைவிடச் செய்வதில் உள்ள பெருமை பெரிதென்பதை அவரிடம் கற்பாராக.